சாப்பாட்டு ஓக்கடியில் ஒரு மணி

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது எதற்கு இருக்கிறது என்றே வில்ஃப் டக்கெட்டுக்கு விளங்கவில்லை. மூக்குக்கண்ணாடி மாட்ட என்றால் சரி. மண்ணுக்குள் கிடக்கும் உலோகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. இரும்பு உறுமும், ஈயம் முனகும், வெள்ளி குருவி மாதிரி கூவும். அதைக் கேட்டுத் தோண்டுவதுதான் முறை. இப்போது வருகிறவர்களோ உலோகம் தேடும் டிடெக்டரின் திரையில் ஓடும் எண்ணைப் பார்க்கிறார்கள். எண் பிடித்திருந்தால் தோண்டுகிறார்கள். தோண்டுவதற்கு முன்னால் போனை நீட்டித் தங்கள் மூஞ்சியைத் தாங்களே படம் பிடிக்கிறார்கள். கையில் வந்தது பொத்தானா போத்தல் மூடியா என்று தெரியும் முன்பே 'ஓ' என்று கத்துகிறார்கள்.

வில்ஃபுக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பத்தைந்து வருடம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வயல்களில் வடிகால் வெட்டியவர். பள்ளிக்கூடத்தில் கற்றது கையெழுத்து மட்டும். அதையும் எந்தக் காகிதத்திலும் லேசில் போட மாட்டார். அவருடைய டிடெக்டருக்குத் திரை கிடையாது. ஒரு கம்பு, அதன் நுனியில் ஒரு வட்டு, ஒரு குரல். அவ்வளவுதான்.

அக்டோபர் மாதம், சனிக்கிழமை, காலை ஒன்பதரை. ஹாஸ்கம் காட்டின் வாசலில் டிடெக்டர் சங்கத்து ஆட்கள் பதினான்கு பேர் கூடியிருந்தார்கள். முன்னூறு நானூறு வருடம் வேட்டைக்காடாக இருந்த இடம். முதலில் வல்லூறு பறக்கவிட்டு முயல் பிடித்தார்கள். பிறகு துப்பாக்கி வந்தது. இப்போதைய சொந்தக்காரி மிஸ் ஆர்க்ரைட்டின் அப்பா காலத்தோடு அதுவும் நின்றது. பதினோரு வருடமாகச் சங்கம் கேட்டு, பதினோரு வருடமாக அந்த அம்மாள் மறுத்து, கடைசியில் இந்த வருடம்தான் கதவைத் திறந்தார்.

"உன் வார்த்தைக்காக விடுறேன் வில்ஃப்," என்று அவர் சொல்லியிருந்தார். "எங்க வீட்டு வடிகால வெட்டுனப்ப, தோண்டினத தோண்டினேன்னு சொன்ன, உடைச்சத உடைச்சேன்னு சொன்ன. அந்த ஒரு காரணம்தான்."

அந்த வார்த்தை வில்ஃபின் முதுகில் ஈர மண் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. பதின்மூன்று பேருக்கு அவர் ஜாமீன். அவர் தன் அண்ணனுக்கே ஜாமீன் நின்றதில்லை.

ராய் ப்ரோபர்ட் எல்லோருக்கும் டீ ஊற்றினான். சங்கத்தில் டிடெக்டரைக் கையில் எடுக்காத ஒரே ஆள் அவன்தான். ஓய்வு பெற்ற தபால்காரன். போன மார்ச்சில் ஆபரேஷன் செய்து இடது முட்டியை மாற்றிக்கொண்டு, இன்னும் அதில் பட்டை கட்டியிருப்பவன். மனைவி க்ளெனிஸ் மண்ணைத் தோண்ட, இவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவான். க்ளெனிஸ் ஒன்பது வருடமாகத் தோண்டுகிறாள். இதுவரை அவள் எடுத்ததில் உசத்தியானது ஒரு கரண்டியின் பாதி.

வில்ஃப் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன ராய், டீயில உலோக வாடை அடிக்குது?"

"உங்க வாய்ல பல்லக் கட்டின கம்பியா இருக்கும் வில்ஃப்."

"கம்பிய வீட்லயே கழட்டி வச்சுட்டு வந்தேன்."

ராய் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு பிடி அதிகமாக இருந்தது.

பத்து நாற்பது. டாரன் ஷக்பர்க் தன் புது டிடெக்டரைப் பற்றித் தன் போனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தான். முப்பத்தைந்து வயது, பேச்சை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் போலப் பேசுகிறவன். அவன் பையில் விழுந்தவை எல்லாம் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகங்கள். அந்தக் காட்டில் இலைக்குச் சமமாக அவைதான் கிடந்தன.

க்ளெனிஸ் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள்.

"இங்கயே ஆரம்பிம்மா," என்று ராய் நாற்காலியைப் பெரிய ஓக் மரத்தடியில் விரித்தான். "நிழலாவும் இருக்கு, நான் பக்கத்துலயும் இருப்பேன்."

அந்த மரத்துக்குச் சாப்பாட்டு ஓக் என்று பெயர். வேட்டைக்காரர்கள் மதியம் அதனடியில்தான் உட்கார்ந்து தின்பார்கள்.

பதினொன்று நாற்பது. க்ளெனிஸ் கத்தினாள்.

எல்லோரும் ஓடினார்கள். குழி நான்கு விரல் ஆழம். அவள் உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவில் ஒரு மணி. வல்லூறின் காலில் கட்டுகிற வெள்ளி மணி. மேலே பழுப்பும் கறுப்புமாய் மண் அப்பியிருந்தது. அவள் அதை விரலால் தூக்கி ஆட்டினாள்.

கிணிங், கிணிங்.

பதினாறாம் நூற்றாண்டே வந்து கதவைத் தட்டிய மாதிரி இருந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். யாரோ க்ளெனிஸைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள். டாரன் எல்லாவற்றையும் படம் பிடித்தான். வில்ஃபும் கை தட்டினார். தட்டிய பிறகுதான் தான் தட்டுவதைக் கவனித்தார்.

மிஸ் ஆர்க்ரைட் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். எண்பத்தொரு வயது முகம் சின்னப் பெண்ணின் முகமானது. "எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் காலத்து மணி! இருங்க, மியூசியத்து அம்மாவுக்குப் போன் பண்றேன்." அங்கேயே பேசி முடித்தார். "மூணு மணிக்கு வர்றாளாம். அந்தப் பொண்ணு பார்த்தா ஒரே பார்வை. பொய்யா நெஜமான்னு சொல்லிருவா."

பின்னால் ஏதோ விழுந்தது. ராயின் கையிலிருந்த கோப்பை.

பன்னிரண்டு பத்து. மணியைப் பஞ்சு வைத்த தகர டப்பாவில் போட்டுக் டீக் கூடாரத்து மேசையில் வைத்தார்கள். கூடாரம் சின்னது என்பதால், மழைத் தூறலுக்குப் பயந்து எல்லோரும் வேன் பக்கம் ஒதுங்கி, க்ளெனிஸ் சுட்டுக் கொண்டுவந்த ஃபிட்ஜெட் பையைத் தின்றார்கள். பன்றிக்கறியும் ஆப்பிளும் வெங்காயமும் திணித்து, மேலே மாவு மூடிச் சுட்ட பலகாரம் அந்தப் பை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. டப்பா இருந்தது. பஞ்சு இருந்தது. மணி இல்லை.

க்ளெனிஸ் அழவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பரவால்ல," என்றாள். "ஒரு மணி நேரம் என்கிட்ட இருந்துச்சே." அதைக் கேட்டு வில்ஃபுக்குக் கோபம் வந்தது. அவள் அழுதிருந்தால் பொறுத்திருப்பார்.

மிஸ் ஆர்க்ரைட்டின் முகம் மறுபடி எண்பத்தொன்றுக்கு வந்தது.

"மூணு மணிக்குள்ள அந்த மணி வரணும் வில்ஃப். வரலைன்னா, உங்க மெஷின் ஒண்ணுகூட இனி இந்தக் காட்டுல கால் வைக்காது. உன் வார்த்தையும்தான்."

"வரும் மிஸ்," என்றார் வில்ஃப். எப்படி என்று அவருக்குத் தெரியாது.

முதலில் டாரனைப் பிடித்தார்.

"எங்க இருந்த?"

"வேன்கிட்ட. பை தின்னுட்டிருந்தேன்."

"எத்தன?"

"ரெண்டு."

"மூணு. நான் எண்ணினேன். கூடாரத்துப் பக்கம் போனியா?"

"போனேன். மணிய இன்னொரு வீடியோ எடுக்கலாம்னு. உள்ள ராய் கோப்பை அடுக்கிட்டிருந்தாரு. அப்புறம் மழை வலுத்துச்சு, திரும்பிட்டேன். ஏன் பெரியவரே, என்னையவா சந்தேகப்படுறீங்க?"

"எல்லாரையும். என்னைய உட்பட."

ராய் தன் நாற்காலியில் இருந்தான். காலை முழுக்க ஆளுக்கு ஆள் கெட்டிலோடு ஓடியவன், இப்போது ஒரு அடி எழவில்லை.

"டீ இருக்கா?"

"கெட்டில் அங்க இருக்கு வில்ஃப். நீங்களே ஊத்திக்கோங்க. முட்டி கொல்லுது."

மடியில் தட்டு. தட்டில் கறியும் ஆப்பிளும் அப்படியே கிடந்தன. மேல்மாவை மட்டும் காணோம்.

"மாவ மட்டும் தின்னுருக்க?"

"பசிச்சுது."

பக்கத்தில் நின்ற க்ளெனிஸ் திரும்பினாள். "நாப்பது வருஷமா பை மாவ நாய்க்குத்தானே போடுவ? கறிய விட்டுட்டு மாவத் தின்னியா?"

"இன்னிக்கு நல்லாருந்துச்சும்மா."

"அப்ப நாப்பது வருஷமா நல்லா இல்லையா?" சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராய் சிரிக்கவில்லை.

ஒன்றரை மணி. எல்லோரையும் டிடெக்டராலேயே சோதிப்பது என்று முடிவானது. யோசனை டாரனுடையது, அதனால் வில்ஃபுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேடிக்கையாக இருந்தது என்பதை அவராலும் மறுக்க முடியவில்லை. ராயைத் தவிர மற்றவர்கள் வரிசையில் கையைத் தூக்கி நின்றார்கள். டாரன் வட்டை ஒவ்வொருவர் மேலும் ஓட்டினான். பெல்ட்டுகள் உறுமின. சாவிக்கொத்துகள் கரகரத்தன. வில்ஃபின் புகையிலை டப்பா நாயைப் போலக் குரைத்தது. மிஸ் ஆர்க்ரைட் தானும் வரிசைக்கு வந்து, "என் இடுப்புப் பட்டையில கம்பி இருக்கு, அதப் பாத்துக் குதிக்காத," என்று எச்சரித்தார். அது குதித்தது.

ராய் எழாமல், இடது காலை மட்டும் நாற்காலிக்கு வெளியே நீட்டினான். வட்டு முட்டிக்கு மேல் போனது. சத்தம் வந்தது. டாரன் திரையைப் பார்த்தான்.

"எண் கண்டபடி குதிக்குது. டாக்டர் வச்ச இரும்புதானே?"

"ஆமாப்பா. மார்ச்சுல வச்சது."

"அடுத்த ஆள்."

யாரிடமும் ஒன்றும் இல்லை. வில்ஃப் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். வரிசை கலைந்த பிறகும் சிறிது நேரம் அப்படியே நின்றார்.

இரண்டு மணி. அவர் டாரனின் தோளைத் தொட்டார்.

"அந்தக் கருமத்தைக் காட்டு."

"எதை?"

"காலையில பிடிச்ச படத்தை. க்ளெனிஸ் மணிய ஆட்டுறது."

டாரனால் நம்ப முடியவில்லை. வில்ஃப் டக்கெட் வீடியோ கேட்கிறார்! போனை இரண்டு கையாலும் நீட்டினான். வில்ஃப் மூன்று தரம் போடச் சொன்னார். முதல் தரம் பார்த்தார். இரண்டாம் தரம் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் தரம், "இவன் மூஞ்சிய பெருசாக்க முடியுமா?" என்றார். டாரன் பெரிதாக்கினான்.

பிறகு ஓக் மரத்தடிக்கு நடந்து போய்க் குழியைப் பார்த்துவிட்டு வந்தார்.

இரண்டு முப்பத்தைந்து. எல்லோரையும் ராயின் நாற்காலியைச் சுற்றி நிற்கச் சொன்னார். சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது.

"மணி ராய்கிட்ட இருக்கு. முட்டிக்குப் போட்ட பட்டைக்குள்ள."

க்ளெனிஸ் முன்னால் வந்தாள். "வாய அளந்து பேசுங்க வில்ஃப்! சோதிச்சாச்சுல்ல?"

"சோதிச்சது கண்ணால. டாக்டர் வைக்கிற உலோகம் உறுமத்தான் செய்யும் கண்ணு. இவன் முட்டி உறுமிச்சு, உறுமல் முடியிற இடத்துல ஒரு தடவ கூவுச்சு. குருவி மாதிரி. எனக்குத் தெரிஞ்சு எந்த முட்டியும் கூவாது. கூவுறது வெள்ளி." அவர் ராயின் தட்டைக் காட்டினார். "நடந்தா மணி கிணுகிணுங்கும். அதுக்குத்தான் பை மாவைப் பிசைஞ்சு வாய அடைச்சிருக்கான். அடைச்சும் நம்பிக்கை இல்ல, எழுந்திருக்கவே மாட்டேங்குறான்."

ராய் மெதுவாகக் குனிந்து முழுக்கால் சட்டையைச் சுருட்டி, முட்டிப் பட்டைக்குள் விரலை விட்டு எடுத்தான். மணியின் பிளவு முழுக்க மாவு. ஒரு துண்டு வெங்காயமும் இருந்தது.

"ராய்!" என்றாள் க்ளெனிஸ். அந்த ஒரு சொல்லில் நாற்பது வருடம் இருந்தது.

"இரு, முடிக்கல," என்றார் வில்ஃப். "அவன் திருடல. தன் சாமானத் தானே எடுத்தான். அத மண்ணுல வச்சதே அவன்தான்."

கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது.

"இந்தத் தப்ப நானும் பண்ணினேன், அதான் வயித்தெரிச்சல். நாம எல்லாரும் மணிக்கணக்கா, வருஷக்கணக்கா தோண்டுறவங்க. நானே எட்டோ ஒம்பதோ மணி எடுத்திருக்கேன். அதுல எத்தன அடிச்சுது? ஒண்ணுகூட இல்ல. முன்னூறு வருஷம் மண்ணுல கெடந்த மணிக்கு வாய் நெறைய களிமண்ணு. உள்ள இருக்குற இரும்புக் குண்டு துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். இது என்னடான்னா எடுத்த எடுப்புல கிணிங்குது. நாம கை தட்டுறோம்! சந்தோஷம் வந்தா மனுசனுக்குக் காது அடைச்சுரும்."

"ராய்தான் வச்சார்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான் டாரன்.

"உன் படத்துலதான் இருக்கு. மணி வெளிய வருது, பன்னெண்டு பேரும் மணியப் பாக்குறாங்க. ஒருத்தன் மட்டும் மணியப் பாக்கல. பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறான். உள்ள என்ன இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவன் வேற எதைப் பாப்பான்?"

ராயின் காது சிவந்தது. "செவ்வாக்கிழமை எங்களுக்கு நாப்பதாவது கல்யாண நாள்," என்றான் தரையிடம். "ஒம்பது வருஷமா மழையில நனைஞ்சு வந்து, 'இன்னிக்கும் போத்தல் மூடிதான் ராய்'னு சொல்லுவா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, அதான் தாங்கல. வல்லூறு வளக்குறவங்க கடையில வாங்கினேன். வியாழக்கிழமை கூடாரம் போட வந்தப்ப பொதைச்சேன். ஒரு நா சந்தோஷமா இருப்பா, வீட்டு ஜன்னல்ல வச்சுக்குவான்னு நெனச்சேன். மியூசியத்துக்குப் போன் போடுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்? அந்தம்மா வந்து, எல்லாரும் நிக்கிறப்ப, 'இது போன மாசம் செஞ்சது'ன்னு இவகிட்ட சொல்லிருந்தா?"

"புது வெள்ளி பளபளன்னு இருக்குமே," என்றார் மிஸ் ஆர்க்ரைட். "இது கறுத்துல்ல இருக்கு?"

"டீயில ஊற வச்சேன் மிஸ். ரெண்டு ராத்திரி. கெட்டில்ல."

வில்ஃப் திரும்பினார். "காலையில நான் குடிச்ச கெட்டில்லயா?"

"கழுவினேன் வில்ஃப்."

"நல்லாக் கழுவின!"

முதலில் சிரித்தது மிஸ் ஆர்க்ரைட்தான். கம்பு நடுங்கச் சிரித்தார். "என் காட்டுல எடுத்துட்டுப் போற திருடன் வருவான்னு அறுபது வருஷமா பூட்டி வச்சேன். கொண்டாந்து வைக்கிற திருடன் வந்திருக்கான்!"

க்ளெனிஸ் மணியை வாங்கி, விரல் நகத்தால் மாவைச் சுரண்டி எறிந்து, கணவனின் காதோரம் வைத்து ஆட்டினாள். கிணிங். "மக்குத் தபால்காரா," என்றாள். "தபால எப்பவாச்சும் சரியான வீட்ல போட்டிருக்கியா நீ?" பிறகு அவன் வழுக்கைத் தலையில் முத்தமிட்டாள். தொப்பிகள் மறுபடி பறந்தன.

"எல்லாம் சரி," என்றார் மிஸ் ஆர்க்ரைட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு மணிக்கு வர்ற அம்மாவுக்கு எந்த மணியக் காட்டுறது? நாப்பது மைல் வண்டி ஓட்டி வர்றா."

இரண்டு நாற்பத்தெட்டு. வில்ஃப் க்ளெனிஸைப் பார்த்தார்.

"குழிய மூடினியா?"

"இல்ல. படம் எடுக்கணும்னு டாரன் தொறந்தே வைக்கச் சொன்னான்."

"பொருள் எடுத்தப்புறம் குழிக்குள்ள மறுபடி வட்ட ஓட்டினியா?"

க்ளெனிஸ் குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சங்கத்தில் சேரும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. எடுத்த குழியை மறுபடி கேள். மேலே கிடப்பது கீழே கிடப்பதை மறைக்கும்.

"இவ்வளவு சந்தோஷத்துல..."

"அதான். போய் ஓட்டு. வேட்டைக்காரன் உக்காந்து தின்ன எடம் அது. எதையாவது தொலைக்காம எந்திரிச்சிருக்க மாட்டான்."

அவள் ஓட்டினாள். டாரன் எண்ணைச் சொல்ல வாயெடுத்தான். வில்ஃப் அவன் வாயைப் பொத்தினார். எல்லோரும் கேட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மிக அடியிலிருந்து, போர்வைக்குள் இருந்து கூப்பிடுகிற மாதிரி, ஒரு குருவி.

முழங்கை ஆழம் போயிற்று. வந்தது ஒரு களிமண் உருண்டை. க்ளெனிஸ் விரலால் பிரித்தாள். அதே அளவில் இன்னொரு மணி. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதன் வளையத்துக்குள் தலைமயிர் போல ஒரு வேர் புகுந்து வெளியேறியிருந்தது.

"ஆட்டு," என்றார் மிஸ் ஆர்க்ரைட்.

க்ளெனிஸ் ஆட்டினாள். காட்டில் ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் ஆட்டினாள். இல்லவே இல்லை.

அந்த மௌனத்துக்கு எழுந்த ஆரவாரத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் போயின. க்ளெனிஸ் இப்போதுதான் அழுதாள்.

மூன்று மணி. மியூசியத்து டாக்டர் பெத்தன் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியைச் செருகி, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானூறு வருஷத்துக்குக் குறையாது," என்றார். "வேரைப் பாருங்க. அழகு!" மிஸ் ஆர்க்ரைட் வில்ஃபின் கையைப் பிடித்து, வசந்தத்திலும் வரச் சொன்னார். மொத்தச் சங்கமும் வரலாம், தபால்காரன் ஃபிட்ஜெட் பையோடு வந்தால்.

வில்ஃப் தலையாட்டிவிட்டு ராயின் பக்கத்தில் குனிந்தார்.

"மணிய கடையில வாங்கினேன்னு சொன்ன."

"ஆமா வில்ஃப்."

"வல்லூறுக்கு ரெண்டு காலு. மணிய ஜோடியாத்தான் விப்பான்."

ராய் விழித்தான். "ஜோடிதான். இன்னொண்ணு வீட்டு அடுப்படி மேசை டிராயர்ல கெடக்கு. சத்தியமா! முழங்கை ஆழம் நான் எப்படித் தோண்டுவேன், இந்த முட்டிய வச்சுக்கிட்டு?"

"வேரு இருக்கே வில்ஃப்," என்றார் டாக்டர் பெத்தன் சிரித்தபடி. "அத யாரு கோத்திருப்பா?"

"வேரு எல்லாத்துக்குள்ளயும் பூரும்," என்றார் வில்ஃப். "வடிகால் வெட்டுனவனுக்குத் தெரியும்."

டிடெக்டரைத் தோளில் போட்டார். மிச்சமிருந்த பையில் ஒரு துண்டை எடுத்து, கெட்டிலை ஒரு தரம் முறைத்துவிட்டு, வேன் பக்கம் நடந்தார். பின்னால் இரண்டு மணிகளையும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று அடித்தது, ஒன்று அடிக்கவில்லை, இரண்டுக்கும் கை தட்டினார்கள்.

"அந்த டிராயர யாரு பாத்தா?" என்று இலைகளிடம் கேட்டுக்கொண்டே போனார்.